ஊர் டாக்டரா, பெரிய ஆஸ்பத்திரியா: கர்ப்ப காலத்தில் யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: எனக்கு 27 வயது. பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமம். இது இரண்டாவது கர்ப்பம், 14 வாரம் முடிந்துவிட்டது. டிசம்பர் 20-ஐப் பிரசவத் தேதியாகக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். மூத்தவளுக்கு மூன்று வயது. அப்போது கடைசி மாதத்தில் பிரஷர் ஏறியதால் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போதும் அங்கேதான் காட்டுகிறேன். 12-வது வாரத்தில் பிரஷர் 146/94 இருக்கிறது என்று லேபெட்டலால் மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் ஊரிலும் ஒரு டாக்டர் இருக்கிறார். மாமியார் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அவர்தான். தலைசுற்றல் என்று போன வாரம் அவரிடம் போனேன். பிரஷர் 118/76, நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆஸ்பத்திரி மாத்திரையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. அங்கே போனால் "ஊர் டாக்டரிடம் எதற்குப் போகிறாய்" என்று திட்டுவார்கள் என்பதால் இவர் கொடுக்கும் சீட்டை அங்கேயும் காட்டுவதில்லை. நர்ஸம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வரச் சொல்கிறார். ஒருமுறை ராமநாதபுரம் போய்வந்தால் அன்றைய வருமானம் போய்விடும். "பிரஷர்தான் சரியாகிவிட்டதே, மாத்திரை எதற்கு? பிரசவத்துக்கு மட்டும் ஆஸ்பத்திரி போனால் போதும்" என்கிறார் மாமியார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மூக்கையூரில் அம்மா வீட்டுக்குப் போவேன். யார் சொல்வதைக் கேட்பது? கடலில் பாசி எடுக்கப் போவதை எப்போது நிறுத்த வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், இதைப் படித்த அன்றைக்கே மாத்திரை கொடுத்த டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம்.

ஊர் டாக்டர் பார்த்த 118/76, மாத்திரை சாப்பிட்ட உடம்பின் பிரஷர். மாத்திரை வேலை செய்கிறது என்று அது காட்டுகிறது. பிரஷர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கர்ப்பத்தின் நடு மாதங்களில் ரத்தக் குழாய்கள் தளர்வதால், பொதுவாகவே பெண்களுக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கும். ஏழாம் மாதத்துக்கு மேல் மறுபடி ஏறும். நான்காம் மாதத்தில் இறங்கியதைப் பார்த்து மாத்திரையை விட்டுவிட்டு, எட்டாம் மாதத்தில் முகம் வீங்கி, கண் மங்கி, 108 வண்டியில் வந்து இறங்கும் பெண்களை மகப்பேறு மருத்துவராக நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நீங்கள் சேரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

20 வாரத்துக்கு முன்பே பிரஷர் 140/90-ஐத் தாண்டினால், அது பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே உடம்பில் இருந்த பிரஷர். முதல் பிரசவம் முடிந்த பிறகு உங்களுக்கு யாராவது பிரஷர் பார்த்தார்களா? பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்திருப்பார்கள். இப்படிப்பட்ட பிரஷரை 140/90-க்குக் கீழே வைத்துக்கொண்டால் தாய்க்கும் குழந்தைக்கும் சிக்கல் குறைகிறது, குழந்தையின் எடையும் அதனால் குறைவதில்லை என்று 2022-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதில் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டவை லேபெட்டலாலும் நிஃபெடிபினும்தான். உங்களுக்குக் கொடுத்திருப்பது சரியான மாத்திரை. உங்களுக்கு இளைப்பு (ஆஸ்துமா) உண்டு என்றால் மட்டும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், லேபெட்டலால் இளைப்புக்காரர்களுக்கு ஆகாது.

இப்போது அந்தத் தலைசுற்றலுக்கு வருகிறேன். அது மாத்திரையால் வந்திருக்கலாம். ரத்தம் குறைந்து வந்திருக்கலாம். நடு மாதத்தில் தானாக இறங்கும் பிரஷரும் மாத்திரையும் சேர்ந்து கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிட்டிருக்கலாம். அப்படியானால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நீங்கள் லேபெட்டலால் சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்திருந்தால், உங்கள் ஊர் டாக்டர் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார். ஆஸ்பத்திரி டாக்டருக்கோ, உங்களுக்குத் தலைசுற்றல் வந்ததே தெரியாது. அவர்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை, தங்கை. ஒருவருக்கு ஒரு பாதி தெரியும், இன்னொருவருக்கு மறு பாதி தெரியும். முழுதாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், அதை நீங்கள் இருவரிடமும் மறைத்துவிட்டீர்கள். இரண்டு டாக்டரிடம் போவதால் ஆபத்து வருவதில்லை. ஒருவரிடம் போவதை இன்னொருவரிடம் மறைப்பதால்தான் வருகிறது.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. திட்டு வாங்கப் பயந்து ஒளித்தீர்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள். வேறு சீட்டைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் டாக்டர், அடுத்த முறை அந்தச் சீட்டு தன் கண்ணில் படாமல் தானே பார்த்துக்கொள்கிறார். இதைப் படிக்கும் சக மருத்துவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெண் ராத்திரி காய்ச்சல் வந்தால் ஊர் டாக்டரிடம்தான் போவாள். அவர் என்ன பார்த்தார், என்ன கொடுத்தார் என்று நாமே கேட்டு வாங்கிப் பார்ப்போம்.

இதற்கிடையில், தேதி தவறக் கூடாத ஒரு விஷயம் உங்களுக்கு இருக்கிறது. முதல் கர்ப்பத்தில் பிரஷர் ஏறியவர்களுக்கும், முன்பே பிரஷர் உள்ளவர்களுக்கும், குறைந்த அளவு ஆஸ்பிரின் (75 முதல் 150 மில்லிகிராம் வரை, இரவில்) கொடுப்பது இப்போது வழக்கம். கர்ப்ப காலத்தில் பிரஷரோடு சிறுநீரில் புரதமும் போகும் அந்தக் கடுமையான நிலை வருவதை அது ஓரளவு தடுக்கிறது. ஆனால் 12 வாரத்துக்கு மேல், 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். உங்களுக்கு 14 முடிந்துவிட்டது. கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம், குடல் புண், ஒவ்வாமை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "போன தடவை பிரஷர் வந்தது, எனக்கு ஆஸ்பிரின் வேண்டுமா?" என்று கேளுங்கள்.

சரி, யாரிடம் எதற்குப் போவது?

குடும்ப மருத்துவரும் மருத்துவமனையும் ஒரு கர்ப்பிணியைப் பகிர்ந்து பார்ப்பது ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் முறையாகவே நடக்கிறது. சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் பெரும்பாலான செக்கப்பை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்ப மருத்துவரே பார்ப்பார். குறிப்பிட்ட சில வாரங்களில் மட்டும் அந்தப் பெண் மருத்துவமனைக்குப் போவாள். எந்த வாரம் யார் பார்ப்பது என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். குறிப்பேடு அவள் கையிலேயே இருக்கும். சிக்கல் இல்லாத பெண்களைச் சிறப்பு மருத்துவர்கள் வழக்கமாகப் பார்ப்பதால் பெரிதாகக் கூடுதல் பயன் இல்லை என்று 1996-இலேயே ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வொன்று சொன்னது. நம் ஊரில் இதற்குப் பெயர் எதுவும் இல்லாமல், ஒழுங்கும் இல்லாமல், அவரவர் வசதிப்படி இதே காரியம் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஒழுங்கு மட்டும் வேண்டும்.

ஆனால் அந்த நாடுகளிலும், முன்பு ஆபரேஷன் ஆனவர்களையும் பிரஷர் உள்ளவர்களையும் குடும்ப மருத்துவரிடம் மட்டும் விட்டுவிடுவதில்லை. முடிவெடுப்பது மருத்துவமனைதான். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. அதனால் உங்கள் விஷயத்தில் என் கருத்து இது: மாத்திரையின் பெயர், அளவு, ஸ்கேன், பிரசவம் எப்போது, எப்படி என்பதை எல்லாம் ஆஸ்பத்திரி டாக்டர் முடிவு செய்யட்டும். இடைப்பட்ட நாள்களில் பிரஷர், எடை, சிறுநீரில் புரதம், ரத்த அளவு, தடுப்பூசி ஆகியவற்றை ஊர் டாக்டரோ ஆரம்ப சுகாதார நிலையமோ பார்க்கட்டும். இருமல், காய்ச்சல், நீர்க்கடுப்பு, வயிற்றெரிச்சல் எல்லாவற்றுக்கும் ஊர் டாக்டர் போதும். ஆஸ்பத்திரி டாக்டரைவிட அவர் உங்களை அடிக்கடி பார்ப்பார். முகம் வீங்கியிருப்பது யாருக்காவது முதலில் கண்ணில் படும் என்றால், அது இத்தனை வருடமாக உங்கள் முகத்தைப் பார்த்து வருகிறவருக்குத்தான்.

அவரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உடம்பு வலி, இடுப்பு வலி என்று போனால் டைக்ளோஃபெனாக் ஊசி போடும் பழக்கம் நம் கரையில் அதிகம். கர்ப்பத்தில் அது வேண்டாம். பிரஷரையும் ஏற்றும், 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். வலிக்குப் பாரசிட்டமால் போதும். பிரஷருக்கும் எனலாபிரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது. மாமியாரின் பிரஷர் மாத்திரையும் உங்கள் மாத்திரையும் வேறு வேறு. அவர் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நர்ஸம்மா வரச் சொல்வதைத் தட்டாதீர்கள். அங்கே போவது மூன்றாவது அலைச்சல் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் உங்கள் அலைச்சலைக் குறைக்கப் போவதே அதுதான். கிராம சுகாதார செவிலியர் உங்கள் பெயரைப் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) கொடுப்பார். நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகளைப் பார்ப்பார்கள். ரத்த அளவு, சிறுநீர், சர்க்கரை எல்லாம் அங்கே இலவசம். முடிவுகளை அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டால், ஆஸ்பத்திரியில் அதே பரிசோதனையைக் காசு கொடுத்து மறுபடி செய்ய வேண்டியிருக்காது. சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஓ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அதற்கு வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். உங்களுக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போது ஒருமுறை, பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் ஒருமுறை.

இனி அட்டை. தாய் சேய் நல அட்டையைப் பலரும் தடுப்பூசிக்கான அட்டை என்று நினைத்து பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். கர்ப்பிணியின் மருத்துவக் குறிப்பு அவள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்ன பரிந்துரை. அட்டையில் இடம் போதாது என்றால் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஊர் டாக்டர், நர்ஸம்மா, ஆஸ்பத்திரி, யாராக இருந்தாலும் அதில்தான் எழுத வேண்டும். தனிச் சீட்டில் எழுதினால் அதை நோட்டில் ஒட்டிவிடுங்கள். நல்ல பதிவு என்றால் இப்படி இருக்கும்:

"22 வாரம். ரத்த அழுத்தம் 126/82. சிறுநீரில் புரதம் இல்லை. எடை 61 கிலோ. ஹீமோகுளோபின் 10.2. லேபெட்டலால் 100 மி.கி. காலை, இரவு தொடர்கிறார். தலைவலி இல்லை. அசைவு உண்டு. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, விளக்கினேன். 2 வாரத்தில் இங்கே. 140/90 தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு."

எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைசி வரியைப் பாருங்கள். அடுத்து எங்கே, எந்த அளவு தாண்டினால் யாரிடம் என்பது அதில் இருக்கிறது. பல அட்டைகளில் இல்லாதது அந்த ஒரு வரிதான். "நார்மல்" என்று மட்டும் யாராவது எழுதினால், "எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டு எண்ணை எழுதி வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இவை இருக்கட்டும்: ரத்த வகை, பிக்மி எண், முதல் குழந்தை ஆபரேஷன் ஆன தேதி, ஏன் ஆபரேஷன், குழந்தையின் எடை, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், மூன்று இடத்து போன் எண்கள். முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்கி நகல் எடுத்து ஒட்டுங்கள். கர்ப்பப்பையில் எப்படிப்பட்ட கீறல் போட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய அது தேவை.

பிரஷர் பார்க்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து, வரிசையில் முண்டியடித்து, உட்கார்ந்த உடனே பார்த்தால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வேண்டும். கால்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது. கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. முடிந்தால் கையில் கட்டும் பிரஷர் மிஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். ராமநாதபுரம் நான்கைந்து தடவை போய்வரும் செலவில் கிடைத்துவிடும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவதாக வாங்குங்கள். ஊர் டாக்டரின் கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் பார்த்து நோட்டில் எழுதினால், ஆஸ்பத்திரி டாக்டர் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தே மாத்திரை அளவை மாற்றிவிடலாம்.

ராமநாதபுரம் போகாமல் முடியாத நாள்களும் உண்டு. 18 முதல் 20 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். அப்போதே நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். பழைய ஆபரேஷன் தழும்பின் மேல் ஒட்டியிருந்தால் பிரசவத்தில் ரத்தப்போக்கு கடுமையாகலாம், அதற்குத் தயாரான இடத்தில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். 28 வாரத்திலிருந்து குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன்கள். 34 அல்லது 36-வது வாரத்தில் பிரசவத் திட்டம். பிரஷர் உள்ளவர்களுக்குத் தேதி வரை காத்திருக்காமல் 37 முதல் 39 வாரத்துக்குள் முடிப்பதே வழக்கம். அப்படியானால் உங்களுக்கு நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதல் பாதி. வடகிழக்குப் பருவமழையும் புயலும் நம் கரைக்கு வருகிற மாதங்கள் அவை. காற்று கடுமையாக இருந்தால் பாம்பன் பாலத்தில் வண்டி போவதே சிரமம். பாம்பனில் இருந்தால் 36 வாரத்துக்கு மேல் ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. மூக்கையூரில் இருந்தால் பாலம் இல்லை, ஆனால் தூரம் இருக்கிறது. அங்கிருந்தும் அதே ஏற்பாடு வேண்டும்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. நம் பெண்கள் இடம் மாறுவது ஏழாம் மாதம். பிரஷர் ஏறத் தொடங்குவதும் ஏழாம் மாதம். அதுவரை பார்த்த ஊர் டாக்டர் இந்தப் பக்கம் இருப்பார், புது நர்ஸம்மாவுக்கு உங்களைத் தெரியாது. வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே மூக்கையூருக்கான செவிலியர் யார் என்று கேட்டு, உங்கள் பிக்மி எண்ணை அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் விவரத்தை அவர் பார்த்துக்கொள்ளலாம். போன முதல் வாரத்திலேயே நோட்டோடு நேரில் போய்க் காட்டுங்கள். ஊர் டாக்டரிடமும் "இன்ன தேதியில் போகிறேன்" என்று சொல்லி, கடைசியாக ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வளையலும் பூவும் எடுத்து வைக்கிற பையில் மிஷினும் நோட்டும் முதலில் போகட்டும்.

பிரசவம் எங்கே என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் தனியார் மருத்துவமனையில் மூன்று கேள்வி கேளுங்கள். நள்ளிரவில் ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்? ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? குழந்தைக்கு மூச்சுத் திணறினால் எங்கே அனுப்புவீர்கள்? "அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவோம்" அல்லது "மதுரைக்கு அனுப்புவோம்" என்பது பதிலானால், முதலிலேயே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது பற்றி யோசியுங்கள். 24 மணி நேரமும் ஆபரேஷன் செய்யும் வசதி, ரத்த வங்கி, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தனியாரிலேயே பிரசவம் என்று முடிவு செய்தாலும், ஒருமுறையாவது அங்கே போய்ப் பதிந்துவைக்கலாம். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் நடக்கிறது, அன்றைக்குப் போகலாம்.

விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழியில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, பழைய தழும்பில் விடாத வலி, அல்லது பிரஷர் 160/110. இதில் எது வந்தாலும் ஊர் டாக்டரின் சாயங்கால வரிசையில் போய் உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியில் அவருக்குப் போன் செய்தால் போதும், அவர் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவைப்பார். பிரஷர் அந்த அளவுக்குப் போனால் வலிப்பு வராமல் தடுக்கும் மக்னீசியம் ஊசியின் முதல் டோஸை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு அனுப்பலாம். வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து படகுகள் போகத் தொடங்கிவிட்டன. கடலுக்குப் போனவர் இன்ன நேரத்துக்குத் திரும்புவார் என்று நம் கரையில் யாரும் உறுதி சொல்வதில்லை. ஆபரேஷனுக்குச் சட்டப்படி உங்கள் கையெழுத்தே போதும். கூட யார் வருவது, மூத்தவளை யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் இப்போதே பேசிவையுங்கள்.

ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தால், உட்கார்ந்ததும் இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டரம்மா, அடிக்கடி இங்கே வர முடியவில்லை. நடுவில் எங்கள் ஊர் டாக்டரிடம் பிரஷர் பார்க்கிறேன். நீங்கள் சொல்கிறபடி பார்க்கச் சொல்கிறேன். என்ன பார்க்க வேண்டும் என்று இந்த நோட்டில் எழுதிக் கொடுங்கள்." முடிவு ஆஸ்பத்திரி டாக்டருடையது, ஊர் டாக்டர் துணைக்குத்தான் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலான டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஊர் டாக்டரிடம் இன்னும் எளிது. "போன வாரம் ஒன்றைச் சொல்ல விட்டுப்போச்சு" என்று லேபெட்டலால் அட்டையை எடுத்துக் காட்டுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தலைமுறையாகப் பார்க்கிறவர், அன்றைக்கே கூப்பிட்டு விசாரிப்பார்.

பாசி எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதையும் இரண்டு டாக்டரிடமும் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். முங்கிப் பாசி எடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மூச்சடக்குவது, வழுக்கும் பாறை, தலைசுற்ற வைக்கக்கூடிய மாத்திரை, இந்த மூன்றும் தண்ணீருக்குள் ஒன்றுசேரக் கூடாது. வருமானம் போகும் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் உண்டு. 12 வாரத்துக்குள் பெயர் பதிவாகியிருக்கிறதா, தனியாரில் பிரசவம் ஆனால் எந்தத் தவணை கிடைக்காது என்பதை நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரையில் நிழலில் உட்கார்ந்து பாசி விதையைக் கயிற்றில் கட்டும் வேலை கிடைத்தால், பிரஷர் கட்டுக்குள் இருக்கும்வரை செய்யலாம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். சாயங்காலம் மிஷினில் 140/90-ஐத் தாண்டியிருந்தால் மறுநாள் வேலைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.